எழுத்துக்கு அடியில் ஒரு முகம்

பழைய கொம்பனியிலிருந்து அண்மையில் ஒரு பெண் போன் எடுத்தாள். கணினி எல்லாவற்றையும் தானே செய்யத் தொடங்குவதற்கு முன் இந்த வேலை எப்படி நடந்தது என்று, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள். ஜப்பானியக் காமிக்ஸ் பக்கத்தில் எந்த எழுத்து வேண்டாம் என்று இப்போது காட்டிவிட்டால் போதுமாம். கணினி அதை அழித்து, அடியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துப் படமாகக் கீறியும் விடுகிறதாம். "அந்தக் காலத்தில் அடியில் என்ன இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். தெரியாது என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

போனேன். கோல் வலையைக் கீறுவது பற்றிக் கதைத்தேன், மழையைக் கீறுவது பற்றிக் கதைத்தேன். பிஸ்கட் தந்தார்கள், கை தட்டினார்கள். சொல்ல நினைத்துக்கொண்டு போன விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அந்தப் பிள்ளைகளின் முகத்தை வாட வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் லண்டனுக்கு வந்த கதை இங்கே எங்கள் ஆட்கள் எல்லோருடைய கதையும்தான், அதனால் அதை நீட்டவில்லை. முதலில் பெற்றோல் ஸ்ரேஷன். பிறகு வால்தம்ஸ்டோவில் ஒரு தமிழ் அச்சகம். அங்கே கலியாண கார்ட், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ். கை கொஞ்சம் வடிவாகக் கீறும் என்று தெரிந்ததும் முதலாளி எல்லாப் பிள்ளையாரையும் என் தலையில் கட்டிவிட்டார். அச்சகத்துக்கு மை விற்க வந்த ஒருவர்தான், ஜப்பானியக் காமிக்ஸை இங்கிலீஷில் போடும் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு ஆள் வேண்டுமாம் என்று சொன்னார். மங்கா என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். மாம்பழத்தோடு ஏதோ சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனேன்.

அங்கே எனக்குத் தந்தது அழிக்கிற வேலை. மங்காவில் ஆட்கள் பேசுவது பலூனுக்குள் இருக்கும். அதில் ஜப்பான் எழுத்தை எடுத்துவிட்டு இங்கிலீஷை வைக்கலாம், அது பிள்ளை விளையாட்டு. ஆனால் சத்தங்கள் பலூனுக்குள் இருப்பதில்லை. பந்தை உதைக்கும் சத்தம், பந்து கம்பத்தில் படும் சத்தம், சனம் கத்தும் சத்தம் எல்லாவற்றையும் ஓவியர் தன் கையாலேயே படத்தின் மேல் பெரிதாக எழுதி வைத்திருப்பார். அந்த எழுத்தை அழித்தால் அந்த இடத்தில் வெள்ளை ஓட்டை விழும். கால் பாதியில் நிற்கும், வலை பாதியில் நிற்கும். அந்த ஓட்டையை, ஓவியரே கீறியது போல, கீறி அடைக்க வேண்டும். பிறகு அதன் மேல் இங்கிலீஷ் சத்தத்தை வேறு எழுத்தில், வேறு அளவில் வைப்போம். அது ஒருபோதும் பழைய எழுத்து மூடிய இடத்தை முழுவதும் மூடாது. அடைத்த இடம் தெரியும். அது ஒட்டு என்று தெரிந்தால் வேலை சரியில்லை.

எங்களுக்கு மேலே இருந்தவர் மொய்ரா. ஸ்கொட்லாந்துக்காரி, ஒல்லி, கழுத்தில் எப்போதும் ஒரு பச்சைச் சால்வை. குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. நாங்கள் முடித்த பக்கத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பார். நேராக வைத்தால் கண் கதைக்குள் போய்விடும், தலைகீழாக வைத்தால் கோடு மட்டும்தான் தெரியும் என்பது அவர் கணக்கு. ஒட்டுப் போட்ட இடம் அவர் கண்ணில் பட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த இடத்தில் ஒரு நெருப்புக்குச்சியை வைத்துவிட்டுப் போய்விடுவார். முதல் வருடத்தில் எனக்குச் சேர்ந்த குச்சிகளைக் கொண்டு ஒரு வீட்டுக்கு வருடம் முழுவதும் அடுப்புப் பற்ற வைத்திருக்கலாம். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வரும். இன்றைக்கு நினைத்தால், என்னை வேலைக்காரனாக மதித்த முதல் ஆள் அவர்தான்.

அவருக்கு மாற்ற முடியாத சட்டம் ஒன்று இருந்தது. அழித்த இடத்தில் முகம் வர வேண்டி இருந்தால், தெரிந்தவர் முகத்தைக் கீறக்கூடாது. எனக்கு முன் இருந்த ஒருவன், தன் வீட்டுச் சொந்தக்காரனின் முகத்தை ஒரு கொலைகாரனுக்கு வைத்து, அந்த ஆளே அதைக் கடையில் பார்த்து, பெரிய வில்லங்கமாகிவிட்டதாம். கற்பனையிலிருந்தும் கீறக்கூடாது. "கற்பனை என்று நீ நினைப்பது உனக்குத் தெரிந்த யாரோதான்" என்பார் மொய்ரா. ஓவியர் அதே கதையில் வேறு இடங்களில் கீறிய முகங்களிலிருந்து, ஒன்றிலிருந்து கண், இன்னொன்றிலிருந்து மூக்கு, வேறொன்றிலிருந்து வாய் என்று எடுத்துச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் கோடு அவருடைய கோடாக இருக்கும், முகம் ஒருவருடைய முகமாகவும் இருக்காது.

பல கதைகள் செய்தோம். பேய்க் கதை, சமையல் கதை, சாமுராய்க் கதை. என் வாழ்க்கையை எடுத்துக்கொண்டது உதைபந்தாட்டக் கதை ஒன்று. அதன் பெயரை எழுதவில்லை. கொம்பனிக்குக் கொடுத்த வாக்கு இன்னும் இருக்கிறது. ஒரு துறைமுக நகரத்து ஏழை ரீம், அதன் கோல் கீப்பர், அவன் கதை. எங்களுக்குள் அதைக் 'கீப்பர்' என்றே சொல்வோம்.

கீப்பரின் முதல் புத்தகங்கள் வந்தபோது, ஜப்பான் பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பி அடிக்கும் வழக்கம் இருந்தது. ஜப்பான்காரர் வலமிருந்து இடமாகப் படிப்பார்கள், இங்கிலீஷ்காரருக்கு அது ஏலாது. அப்படித் திருப்பியதும் ஒரு நாட்டு ஆட்டக்காரர் எல்லோரும் இடதுகால்காரராகிவிட்டார்கள். சட்டை இலக்கங்கள் எல்லாம் இடம் வலம் மாறி நின்றன. மாதக்கணக்காக நான் ஆட்களின் முதுகில் இலக்கத்தை அழித்து அழித்து எழுதினேன். பிறகு வாசகர்களே ஜப்பான் முறைதான் வேண்டும் என்று சண்டை பிடித்து வென்றார்கள். வேலை மிச்சம். ஆனால் சத்தங்கள் மிச்சமாகவில்லை, வலையும் மிச்சமாகவில்லை. கோல் வலையைக் கீறுவது பற்றி நான் ஒரு நாள் முழுவதும் கதைப்பேன். பந்து பட்ட கணத்தில் வலையின் ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு மாதிரி இழுபடும். ஒன்று பிசகினாலும் வலை கம்பி வேலியாகிவிடும்.

கதை பாதி வழி வந்தபோதுதான் அந்த அத்தியாயம் வந்தது.

மழை. முக்கியமான ஆட்டம். மைதானத்துக்குள் சனம் கொள்ளாமல் வருகிறது. யாரோ ஒருவர் பிழையான வாசல் கேற்றைத் திறந்துவிடுகிறார். படிக்கட்டில் மேலிருந்து சனம் இறங்க, கீழே இருப்பவர்கள் நகர இடமில்லை. ஓவியர் அதை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படமாகப் போட்டிருந்தார். அதன் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு சத்தம். எழுத்து ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். சனம் நசுங்கும் சத்தம். அதைச் சொல்ல ஜப்பானியரிடம் ஒரு சொல் இருந்தது, எங்களிடம் இருக்கவில்லை.

அடியில் உள்ள படம் தனியாக இருக்கிறதா என்று மொய்ரா ஜப்பானுக்குக் கேட்டு எழுதினார். ஓவியர் எழுத்தை நேரே கடதாசியில் கீறிவிட்டார், அடியில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. மொய்ரா கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். வழக்கமாக அவர் யாருக்கும் பக்கத்தில் இருப்பதில்லை.

"இந்த நாட்டில் ஆட்டம் பார்க்கப் போய், இதேபோல நெரிசலில் அகப்பட்டு, வீட்டுக்குத் திரும்பி வராத பிள்ளைகளின் அம்மாக்கள் இருக்கிறார்கள்" என்றார். "அவர்களில் ஒருவர் இந்தப் படத்தைப் பார்ப்பார் என்று வைத்துக்கொண்டு செய். பயங்கரமாகச் செய்யாதே. ஆனால் ஒருவரையும் முகமில்லாத மொத்தையாக விடாதே. ஒவ்வொருவரும் ஓர் ஆளாக இருக்க வேண்டும்."

அப்படியே செய்தேன். எழுத்து மூடியிருந்த இடத்தை முகங்களால் நிரப்பினேன். பின்னால் இருப்பவர்கள் லேசாக, முன்னால் இருப்பவர்கள் அழுத்தமாக. நடுவில் ஓர் இளைஞன். அவனுக்குக் கண்ணை ஒரு மாற்று ஆட்டக்காரனிடமிருந்து எடுத்தேன். மூக்கு, இரண்டாம் புத்தகத்தில் ஒரே ஒரு முறை வரும் ரெயில் நிலைய அதிபருடையது. வாயைக் கீப்பரிடமிருந்து எடுத்தேன். கடைசி நிமிடத்தில் கோல் வாங்கிவிட்டு முழங்காலில் விழுந்து கத்துகிற வாய். அண்ணாந்து மேலே பார்த்துக் கத்துவது போல அவன் வந்தான். மொய்ரா பக்கத்தைத் தலைகீழாக வைத்து வெகுநேரம் பார்த்தார். குச்சி வைக்கவில்லை. எழுந்து போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். அதுதான் அவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு.

பிறகு மொய்ரா காலமானார். நான் ஓய்வு பெற்றேன். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் என் வீட்டுக்குப் பின்னால் கத்தரி வைத்தேன், குளிர் அதைத் தின்றது. அப்படி இருக்கும்போது கீப்பர் கார்ட்டூன் படமாகிறது என்று செய்தி வந்தது. படம் வரும் முன் புத்தகங்களைப் புது அட்டையோடு திரும்ப அடித்தார்கள். கடை எல்லாம் அதுதான். எனக்கும் சந்தோஷம், பொய் சொல்லக் கூடாது.

ஒரு சனிக்கிழமை, கோயிலில் என் நம்பரை வாங்கியதாகச் சொல்லி ஒரு பெண் போன் எடுத்தார். பெயர் சுமதி, கிங்ஸ்பரியில் இருக்கிறாராம், மருந்துக் கடையில் மருந்தாளர்.

"புத்தகத்தின்ர கடைசியில சிவநேசன் எண்டு கிடக்குது. அது நீங்களோ அண்ணை?"

"ஓம் பிள்ளை. ஏன்?"

"நீங்கள் ஒருக்கா வீட்டை வரவேணும். அம்மா சாப்பிடுறா இல்லை."

அவர் போனிலேயே சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுமதிக்கு ஓர் அண்ணன் இருந்தார், பெயர் ரமணன். ஊரில், சண்டைக் காலத்தில், பிடித்துக்கொண்டு போகப்பட்டுக் காணாமல் போனவர். இருக்கிறாரா இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை. தாய் பரமேஸ்வரி எங்கெல்லாமோ போய்க் கேட்டு, மற்றத் தாய்மாரோடு தெருவில் மறியலில் இருந்து, மழையில் இருந்து, கடைசியில் மகளிடம் லண்டனுக்கு வந்துவிட்டார். இடம்பெயர்ந்த ஓட்டத்தில் வீட்டுப் படங்கள் எல்லாம் போய்விட்டன. ரமணனின் ஒரு படம்கூட இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு, இந்த ஆவணிக்குள் அவருக்குச் செய்ய வேண்டிய கிரியையைச் செய்து விடுவோம் என்று மகள் மன்றாடி, தாய் ஒருவாறு தலையாட்டி, ஐயரிடமும் சொல்லியாயிற்று. அந்தக் கிழமை பேத்தி புதிதாக வாங்கிய புத்தகத்தை மேசையில் விரித்துவிட்டுப் போயிருக்கிறாள். தாய் அதை மூடி வைக்கப் போய், மூடாமல் நின்றுவிட்டார். 'இந்தா கொண்ணன்' என்று மகளைக் கூப்பிட்டு, அண்ணனின் முகமென்று அந்த இளைஞனைக் காட்டினாராம்.

ஜப்பான்காரன் ஏதோ கீறினான் என்று முதலில் சமாளித்திருக்கிறார்கள். பேத்தி கடைசிப் பக்கத்தைப் பார்த்து, இதில் ஒரு தமிழ் ஆளின் பெயர் இருக்கிறது என்று சொன்னதும் எல்லாம் கெட்டது. தமிழ் ஆள் கீறியது என்றால் கண்டுதானே கீறியிருப்பார்.

என் பெயரைப் புத்தகத்தில் போட வேண்டும் என்று மொய்ராதான் பிடிவாதம் பிடித்தவர். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று நான் அப்போது பெருமைப்பட்டேன். கிங்ஸ்பரிக்குப் பஸ் மாறி மாறிப் போகும்போது புத்தகத்தை எடுத்து, என் பெயர் இருந்த பக்கத்தைத் திறக்காமலே திரும்பப் பைக்குள் வைத்தேன்.

பரமேஸ்வரி அக்கா சின்ன உருவம். கம்பளிச் சட்டைக்கு மேல் சேலை. புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். வாரும் என்றும் சொல்லவில்லை, இரும் என்றும் சொல்லவில்லை.

"தம்பி, நீர் எந்த இடம்?"

"அளவெட்டி, அக்கா."

"நாங்கள் கொடிகாமம். என்ர மகனை நீர் எங்க கண்டனீர்?"

"நான் காணேல்லை அக்கா."

"காணாமல் எப்பிடிக் கீறினனீர்?"

நான் பழைய புத்தகங்களைப் பையில் கொண்டு போயிருந்தேன். அவர் முன்னால் தரையில் குந்தி, ஒவ்வொன்றாக விரித்தேன். இந்தா, கண் இவருடையது. மூக்கு இந்த ரெயில் நிலைய அதிபருடையது. வாய் இந்தக் கீப்பருடையது. எழுத்தை அழித்த இடத்தில் ஓட்டை இருந்தது, அதை அடைக்க இவற்றைச் சேர்த்தேன். இது ஒருவரும் இல்லை. என் வேலையே, ஒருவரும் இல்லாத முகத்தைச் செய்வதுதான்.

அவர் பொறுமையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். நான் சொன்னது விளங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

"கண் அவன்ர கண்தான். மூக்கும் அதுதான்" என்றார். "மூண்டு இடத்தில கிடந்ததை நீர் ஒண்டாக்கி வைச்சிருக்கிறீர். உமக்கே தெரியாமல்."

"அம்மா!" என்றார் சுமதி. "அண்ணை சொல்லுறார் எல்லோ. அண்ணா இல்லையம்மா இது."

"அப்ப ஆர்? ஒருத்தனும் இல்லையெண்டால் ஏன் இவ்வளவு வடிவாக் கீறி வைப்பான்?"

வடிவாகச் செய்ததுதான் பிழை என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? மொத்தையாக விட்டிருக்கலாம். நிழல் போட்டு மூடியிருக்கலாம். அந்தப் பக்கத்துக்காக நான் எவ்வளவு பெருமைப்பட்டேனோ அவ்வளவும் அந்தத் தரையில் எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஐயரிடம் கிரியை வேண்டாம் என்று சொல்லிவிடும்படி அக்கா அன்றைக்கே மகளிடம் சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் காரியம் செய்கிற பாவத்தைத் தான் செய்ய மாட்டாராம். பிறகு என்னைப் பார்த்து, "படம் வருதாமே. அதில ஆக்கள் நடப்பினம், திரும்புவினம், என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப அதில பாத்தால் தெரிஞ்சிடும். இதில பாதி முகம்தானே தெரியுது."

வாசலில் வைத்துச் சுமதி அழுதார். "கூட்டிக்கொண்டு போகவோ விடவோ அண்ணை?" என்று கேட்டார். போகாவிட்டாலும் அக்கா சாப்பிடப் போவதில்லை. நானும் வருகிறேன் என்றேன். வேறு என்ன செய்ய?

வெம்பிளியில் பகல் காட்சி. தியேட்டர் நிறையக் கீப்பரின் சட்டையைப் போட்ட பெடியளும் பெட்டையளும். சோளப்பொரி, கூச்சல். அவர்களுக்கு நடுவே சேலையும் குளிர்க் கோட்டுமாக அக்கா, ஒரு பக்கம் மகள், மறு பக்கம் நான். விளம்பரம் ஓடும்போதே கண்ணாடியைத் துடைத்து ஆயத்தமாகிவிட்டார்.

படம் நல்ல படம். அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் வருடக்கணக்காக ஒவ்வொரு கண்ணாகக் கீறிய வலை, பந்து பட்டதும் தானாக அசைந்தது. மழை தானாகப் பெய்தது. சத்தம் எல்லாம் சுவரிலிருந்து வந்தது, படத்தின் மேல் ஓர் எழுத்தும் இல்லை. அழிக்க ஒன்றும் இல்லாத படத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. என்னை யாரோ வாசலிலேயே நிற்க வைத்துவிட்டது போல இருந்தது.

அந்தப் படிக்கட்டு வந்தது. பெடியள் கூச்சல் நின்றது. யாரோ கேற்றைத் திறந்தார்கள், சனம் இறங்கத் தொடங்கியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். வயதான கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஜப்பான்காரர் அந்த இடத்தில் சத்தம் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். சனம் வாயைத் திறக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. கமரா மெல்ல மெல்ல இறங்கி, புத்தகத்தில் இருந்த அதே கோணத்துக்கு, அதே படத்துக்கு வந்து நின்றது.

நடுவில் ஒரு தூண் இருந்தது.

சீமெந்துத் தூண். மேலிருந்து கீழ்வரை, அந்த எழுத்து நின்ற அகலத்துக்கு. சனம் அதன் இரண்டு பக்கத்தாலும் நெரிந்துகொண்டிருந்தது. அந்தப் படத்துக்கு ஓவியரே கிட்ட நின்று எல்லாம் சரி பார்த்ததாகப் பிறகு அறிந்தேன். எழுத்துக்கு அடியில் அவர் மனதில் இருந்தது தூண்தான். அங்கே ஒரு நாளும் ஆட்கள் இருக்கவில்லை.

"எவ்விடம்?" என்று அக்கா கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அந்த அமைதியில் முன் வரிசை திரும்பிப் பார்த்தது.

"அந்த இடம்தான் அக்கா."

"தூண் எல்லோ நிக்குது."

"ஓம்."

கையை எடுத்துவிட்டார். கடைசிவரை இருந்து பார்த்தார். கீப்பர் வென்றபோது பிள்ளைகள் எழுந்து துள்ளினார்கள். அவர் அசையவில்லை. விளக்கு எரிந்ததும் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினார். கீழேயிருந்து மேலே, ஒவ்வொன்றாக.

வெளியே வந்து காருக்காக நின்ற இடத்தில்தான் வாய் திறந்தார். "அவனைக் கண்டிருந்தால் கீறாமல் விட்டிருப்பினமோ?" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "அவையள் அவனைக் காணேல்லை. ஒருத்தரும் காணேல்லை." பிறகு மகளிடம், "ஐயரிட்டைச் சொல்லு. செய்வம்" என்றார்.

சுமதிக்கு அழுவதா ஆறுவதா என்று தெரியவில்லை. நானும் அப்படியேதான் நின்றேன். இவ்வளவு நாளும் சுமதி இதற்காகத்தானே மன்றாடினார். அது கிடைத்தபோது, தாயின் கையிலிருந்து மகனைப் பறித்துவிட்டது போல இருவரும் குற்றவாளிகளாக நின்றோம்.

இரண்டு நாள் கழித்துச் சுமதி போன் எடுத்தார்.

"அண்ணை, கிரியைக்கு ஒரு படம் வைக்கவேணும். எங்களிட்டை ஒண்டும் இல்லை. அம்மா அந்த முகத்தைத்தான் கேக்கிறா."

"அது அவரில்லை எண்டு அவவுக்குத் தெரியுந்தானே பிள்ளை?"

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கிறா. வேற எதை வைக்கிறது?" பிறகு சொன்னார்: "ஒண்டு மட்டும் அண்ணை. வாயை மூடி விடுங்கோ. கத்திக்கொண்டிருக்கிற படத்துக்கு எப்பிடி மாலை போடுறது? ஆக்கள் வருவினம்."

நியாயமான கேள்வி. நான் பழைய மேசையைத் துடைத்து, விளக்கைச் சரி செய்து வேலை தொடங்கினேன். முகத்தைத் தனியாகப் பெரிதாக்கினேன். பக்கத்தில் இருப்பவனின் முழங்கை நெற்றியை மறைத்தது, அதை எடுத்து நெற்றியை முழுமையாக்கினேன். தலைமயிரைச் சேர்த்தேன். மழையை அழித்தேன். வாயைக் கடைசிக்கு வைத்தேன். வாயை மூடினால் தாடை மேலே வரும், கன்னம் நிரம்பும், கண்ணுக்குக் கீழே இழுபட்ட கோடுகள் தளரும். முகம் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். கை முந்திப் போல இல்லை, ஆனால் செய்தேன். முடிவில் நல்ல அமைதியான ஓர் இளைஞன், பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுக்க இருந்தது போல, நேரே பார்த்துக்கொண்டிருந்தான். என் வேலையில் அதைவிடச் சுத்தமாக நான் ஒன்றும் செய்ததில்லை.

கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டு போனேன். சுமதி பார்த்துவிட்டுக் கும்பிட்டார். அறையில் கட்டிலில் இருந்த தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா அதை மடியில் வைத்து, கிட்டப் பிடித்து, தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இது ஆர்?" என்று கேட்டார்.

"அண்ணா அம்மா. நீங்கள் கேட்ட படந்தான். சிவநேசன் அண்ணை திருத்திக்கொண்டு வந்திருக்கிறார்."

"இல்லை. இவனை எனக்குத் தெரியாது."

சுமதி என்னைப் பார்த்தார். நான் கிட்டப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினேன். கண் அதுதான் அக்கா, மூக்கும் அதுதான், வாயை மட்டும் மூடினேன் என்றேன். அவர் விரலால் அந்த மூடிய வாயைத் தொட்டார், கண்ணாடிக்கு மேலே.

"வாயைத் திறந்து விடும் தம்பி" என்றார். "பஸ்ஸால இறக்கிக் கொண்டு போகேக்க என்னைத்தான் கூப்பிட்டவன். திரும்பித் திரும்பிப் பாத்துக் கூப்பிட்டவன். அந்த முகந்தான் எனக்குத் தெரியும். மற்ற முகமெல்லாம் எனக்கு மறந்து போச்சு."

தன் அண்ணன் கத்தியது சுமதிக்கு அதுவரை தெரியாது. தாய் ஒரு நாளும் சொன்னதில்லை. சுமதி வந்து தாயின் காலடியில் தரையில் இருந்தார்.

நான் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து விட்டேன். கிரியைக்கு வந்த ஆட்கள் பூவைப் போட்டுவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அக்கா மட்டும் அதற்கு நேரே இருந்து, ஐயர் மந்திரம் சொல்லி முடிக்கும் வரை, "வாறன் ராசா, வாறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.